எண் போட்டால் போதாது, பெட்டியின் ஒவ்வொரு நடையும் கணக்கில் ஏற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆந்திராவின் வி.கோட்டா, பலமநேர் பக்கமிருந்து வேலூருக்கு வரும் தக்காளி பிளாஸ்டிக் பெட்டியில் வருகிறது. பால் பாக்கெட் டிரேயில் வருகிறது. தண்ணீர் 20 லிட்டர் கேனில் வருகிறது. மாவுக்கு மூடி போட்ட வாளி, விடுதிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போகும் சாப்பாட்டுக்கு எவர்சில்வர் பாத்திரமும் ஹாட்பாக்ஸும். இவை எல்லாமே திரும்பி வந்து மறுபடி நிரப்பப்படுபவை. ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் பெயின்டில் எழுதிய இரண்டு எழுத்தைத் தவிர இவற்றில் வேறு அடையாளம் பெரும்பாலும் இல்லை. அந்த எழுத்து, பெட்டி யாருடையது என்று சொல்லும். நேற்று யார் நிலத்துச் சரக்கு அதில் இருந்தது, இடையில் எங்கே நின்றது, கழுவினார்களா என்பதைச் சொல்லாது.

இப்போது சில வியாபாரிகள் பெட்டிகளில் கியூஆர் குறியீடு ஒட்டத் தொடங்கியிருப்பது நல்ல காரியம். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் ஆபத்து. பெட்டி எண் வேறு, சரக்கின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) வேறு. பெட்டி எண் பெட்டி உடையும்வரை மாறாது. தொகுதி எண் ஒவ்வொரு நடைக்கும் மாறும். நிரப்பும்போது இரண்டையும் சேர்த்துப் பதிய வேண்டும், காலியானதும் பிரித்துப் பதிய வேண்டும். பிரிக்காமல் விட்ட பெட்டி அடுத்த நடையில் பழைய விவசாயியின் பெயரைச் சுமந்துகொண்டு போகும். பதிவே இல்லாத நிலையைவிட இது மோசம். பதிவு இல்லையென்றால் தெரியவில்லை என்றாவது சொல்வோம். தவறான பதிவு இருந்தால் சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டு வாசலில் அதிகாரிகள் போய் நிற்பார்கள்.

இது வெறும் கற்பனை இல்லை. 2011 மே, ஜூன் மாதங்களில் வடக்கு ஜெர்மனியில் இ.கோலை ஓ104 கிருமி பரவி ஏறத்தாழ 4,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மீது பழி விழுந்தது. அங்குள்ள விவசாயிகளின் விளைச்சல் விற்காமல் குப்பைக்குப் போனது. பாதிக்கப்பட்டவர்கள் சாப்பிட்ட உணவகங்களிலிருந்து ஒவ்வொரு கைமாறலாகப் பின்னோக்கிப் போனபோதுதான், காரணம் ஒரு பண்ணையில் முளைகட்டிய பயிர் என்றும், எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையின் மீதே சந்தேகம் குவிகிறது என்றும் தெரிந்தது. அந்தப் பின்னோக்கிய பயணத்துக்கு உதவியவை யார் யாருக்கு எதை அனுப்பினார்கள் என்ற சரக்குச் சீட்டுகள். 'ஒரு படி முன்னே, ஒரு படி பின்னே' தெரிந்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் கட்டாயமாக இருந்ததால் அந்தச் சீட்டுகள் கிடைத்தன.

நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இன் 28-ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற உணவைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும் பொறுப்பை வணிகரிடம் வைக்கிறது. அதற்கான நடைமுறை விதிகள் 2017-இல் வந்தன. அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு விவசாயியையும் மீனவரையும் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று எழுதி வைக்கும் வேலை, சரக்கை முதலில் வாங்கும் மண்டிக்காரர் அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் மேல்தான் வந்து விழுகிறது. பொட்டலம் போடாத காய்கறியில் அதை எழுத வேறு இடம் இல்லை. பெட்டிதான் அதன் முகவரி.

பெட்டிக்கு எண் எப்படிப் போடுவது என்பதில் சிலவற்றை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு பெட்டிக்கு ஒரே எண். உடைந்து போனாலும் அந்த எண்ணை வேறு பெட்டிக்குக் கொடுக்கக் கூடாது. பெரிய நிறுவனங்களுக்கு, பார்கோடு எண்களை வகுக்கும் உலக அமைப்பான ஜிஎஸ்1 வகுத்த, திரும்பி வரும் கலன்களுக்கான உலகப் பொது எண் முறை இருக்கிறது. கலனின் வகையைச் சொல்லும் எண்ணோடு, ஒவ்வொரு கலனுக்கும் 16 எழுத்துகள்வரை தனி வரிசை எண் சேர்க்கலாம். வெளி மாநிலத்துக்கும் ஏற்றுமதிக்கும் போகிறவர்கள் அதையே எடுத்துக்கொள்வது நல்லது. உள்ளூர் மண்டிக்கு ஐந்து இலக்கமும் ஒரு சரிபார்ப்பு இலக்கமும் போதும்.

சரிபார்ப்பு இலக்கம் கணக்கிடுவது எளிது. எண் 04217 என்று வையுங்கள். வலக்கோடியிலிருந்து 3, 1, 3, 1, 3 என மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் 21 + 1 + 6 + 4 + 0 = 32. அடுத்த பத்து 40, வித்தியாசம் 8. பெட்டியில் பொறிக்க வேண்டியது 042178. குறியீடு தேய்ந்துபோய்க் கையால் தட்டும்போது யாராவது 042718 என்று இடம் மாற்றி அடித்தால் கணக்கு ஒத்துவராது, பதிவு செய்யும் செல்போன் செயலி அங்கேயே மறுத்துவிடும். ஒற்றை இலக்கப் பிழை எல்லாமே இதில் பிடிபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவதும் பெரும்பாலும் பிடிபடும். 1-உம் 6-உம் போல ஐந்து வித்தியாசமுள்ள இரண்டு இடம் மாறினால் மட்டும் தப்பிவிடும்.

எண்ணைப் பெட்டியின் இரண்டு குறுகிய பக்கங்களிலும், கைப்பிடிக்குக் கீழே போட வேண்டும். அடியில் போட்டால் தரையில் உரசித் தேயும். விளிம்பில் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது தேயும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் வண்டியில் அடுக்கிய பிறகு பாதிப் பெட்டிகளின் எண் உள்பக்கம் திரும்பி நிற்கும். லோடுமேன் அதற்காகப் பெட்டியைத் திருப்பி வைக்கமாட்டார், அவர் திருப்பி வைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

காகித ஸ்டிக்கர் ஒரு கழுவலுக்குத் தாங்காது. பிளாஸ்டிக் ஸ்டிக்கரும் எச்டிபிஇ என்ற கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் வெகுநாள் நிற்பதில்லை. அந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் பசை எளிதில் பிடிக்காது. ரிவெட் அடித்த தகடு கழன்று காயோடு கலக்கும், கையைக் கிழிக்கும். புதிதாக வார்க்கும்போதே அச்சுக்குள் வைத்துப் பதித்த குறியீடுதான் பெட்டியின் ஆயுள் முழுக்க நிற்கும். பழைய பெட்டிகளுக்குச் சூட்டு முத்திரையில் இலக்கங்களையும், நிறம் இடம் கொடுத்தால் லேசரில் குறியீட்டையும் பொறிக்கலாம். எப்படிப் பொறித்தாலும் மனிதர் கண்ணால் படிக்கக்கூடிய இலக்கம் பக்கத்தில் இருக்க வேண்டும். குறியீடு மட்டும் இருந்து அது தேய்ந்தால், அந்தப் பெட்டி கணக்கில் அநாதை.

கியூஆர் குறியீட்டுக்குள் எண்ணைத் தவிர வேறெதுவும் வைக்க வேண்டாம். இணைய முகவரி, மண்டிப் பெயர், தொலைபேசி எண் என்று அடைத்தால் கட்டங்கள் பொடியாகி, சேறு பட்டதும் படிக்காது. பக்கத்துக்கு 21 கட்டம் கொண்ட மிகச் சிறிய அளவிலேயே, 30 விழுக்காடு அழிந்தாலும் படிக்கக்கூடிய உயர்ந்த பிழைத்திருத்த நிலையில், 17 இலக்கம் அடங்கும். நமக்கு வேண்டியது ஆறு. ஒரு கட்டம் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமலும், சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட்டும் அடித்தால் சாதாரண செல்போன் கேமராவே படித்துவிடும்.

ரேடியோ அலையில் தள்ளி நின்றே படிக்கக்கூடிய ஆர்எஃப்ஐடி சில்லு பற்றியும் கேட்கிறார்கள். மின்கலம் இல்லாத இந்தச் சில்லுகளுக்கு இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005 முதல் உரிமமின்றித் திறந்திருக்கிறது. வாசலில் படிப்பான் வைத்தால் அடுக்கோடு கடந்து போகும் டிரேக்களைச் சில நொடியில் எண்ணிவிடும். நாளுக்கு ஆயிரக்கணக்கில் டிரே போய்வரும் பால் பண்ணைக்கு அது தகும். ஆனால் இந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சும், உலோகம் திருப்பி அடிக்கும். தக்காளியில் பெரும்பகுதி தண்ணீர், ஆகவே அடுக்கின் நடுவில் இருக்கும் பெட்டிகள் விடுபடும். பால் கேனுக்கு உலோகத்தின் மேல் வேலை செய்யும் தனிவகைச் சில்லு வேண்டும். இன்னொரு பக்கம், அருகில் சும்மா நிற்கும் அடுக்கையும் சேர்த்துப் படித்துவிடும். படிப்பானின் திறனைக் குறைத்து, இருபக்கமும் மறைப்பு வைத்து, கையால் எண்ணிய தொகையோடு தினமும் ஒத்துப் பார்க்க வேண்டும். மண்டிகளுக்கு இப்போதைக்கு இது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. செல்போன் போதும்.

ஒரு நடையில் மூன்று இடத்தில் பதிவு கட்டாயம்: நிரப்பும்போது, காலியாகும்போது, கழுவும்போது. வண்டியில் ஏற்றுவதும் இறக்குவதும் பதிந்தால் இன்னும் நல்லது. நிரப்பும்போது பெட்டி எண், ஊர், விவசாயி குறியீடு, பறித்த தேதி, எடை. வண்டியில் ஏற்றும்போது வண்டி எண். மண்டியில் இறக்கும்போது வந்த நேரமும், அங்கிருந்து எந்தக் கடைக்குப் போனது என்பதும். குட்டி யானையில் 25 கிலோ பெட்டி முப்பது ஏற்றினாலே 750 கிலோ. ஒரு பெட்டிக்கு நான்கு நொடி என்றாலும் மொத்தம் இரண்டு நிமிடம். நேரமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சங்கிலி அறுபடும் இடங்கள் வேறு. முதலாவது, மண்டியில் கொட்டித் தரம் பிரிப்பது. நான்கு பேர் தக்காளியைத் தார்ப்பாயில் கொட்டி, பெரிது, நடுத்தரம், பொடி எனப் பிரித்து வேறு பெட்டிகளில் நிரப்பும் நொடியில் பழைய தொடர்பு எல்லாம் முடிந்தது. இதைத் தடுக்க முடியாது, வியாபாரமே அப்படித்தான். கொட்டிய பெட்டிகளின் எண்களை ஒரு பக்கமும், புதிதாக நிரப்பியவற்றை மறுபக்கமும் பதிந்து புதுத் தொகுதி எண் கொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் இருபது பெட்டிக்கு மேல் கொட்டாமல் இருந்தால், நாளை ஒரு பெட்டியில் குறை என்றால் இருபதைத்தான் தேட வேண்டும். காலை முழுக்க ஒரே குவியலாகக் கொட்டினால் அன்றைய சரக்கு அத்தனையும் சந்தேகத்துக்குள் வரும்.

இரண்டாவது, குறுக்கு வழி. முந்தைய நடையை முடிக்காத பெட்டியில் நிரப்ப முயன்றால் செயலி மறுக்க வேண்டும். அப்படி மறுத்தால், வண்டி காத்திருக்கும் அவசரத்தில், கைக்கு எட்டிய ஒரே பெட்டியின் குறியீட்டை முப்பது முறை காட்டிவிட்டு அனுப்புவதும் நடக்கும். ஒரே லோடில் ஒரு எண் இரண்டு முறை வந்தால் ஏற்கக் கூடாது. அதோடு, 'காரணம் குறித்து மேற்பார்வையாளர் முடித்துவைத்தது' என்று ஒரு வழியும் செயலியில் இருக்க வேண்டும். நேர்மையான வழி ஒன்று திறந்திருந்தால்தான் குறுக்கு வழி குறையும். அப்படி முடித்துவைத்தவை எந்தக் கடையிலிருந்து அதிகம் வருகின்றன என்று வாரம் ஒருமுறை பார்த்தாலே, காலிப் பெட்டி பதியாமல் வரும் இடம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, காலிக்குக் காலி மாற்றிக்கொள்ளும் பழக்கம். கடைக்காரர் முப்பது வாங்கினால் முப்பது காலியைத் திருப்பித் தருவார், ஆனால் அவை அதே முப்பதாக இருக்காது. எண்ணிக்கை சரியாக இருக்கும், எண்கள் சரியாக இருக்காது. இதற்குச் சண்டை வேண்டியதில்லை. வந்த எண்ணைப் பதிந்து, உடையவர் கணக்கில் வரவு வைத்து, மாதக் கடைசியில் மண்டிகள் தங்களுக்குள் நேர் செய்துகொள்ளலாம். சிக்னல் இல்லாத ஊரில் செயலி போனிலேயே பதிந்து வைத்துப் பிறகு அனுப்பும்படி இருக்க வேண்டும். போனின் நேரம் தானாகச் சரியாகும்படி வைத்திருப்பது அவசியம். இல்லாவிட்டால் பெட்டி காலியான பிறகு நிரம்பியதாகப் பதிவு நிற்கும்.

கழுவுவதைப் பற்றிப் பதிவேடுகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை. காய்கறிப் பெட்டி கடையில் முக்காலியாகிறது, மீன் வைக்கப் போகிறது, சித்தாள் கையில் மணல் அள்ளவும் போகிறது. அப்படியே திரும்பி வந்து கத்தரிக்காய் ஏறுகிறது. பிளாஸ்டிக்கில் விழுந்த கீறலுக்குள் அழுக்கும் கிருமியும் படலமாக ஒட்டிக்கொண்டால் தண்ணீர் தெளித்துப் போகாது. முதலில் சாதாரணத் தண்ணீரில் மண்ணும் சருகும் போக அலச வேண்டும். அடுத்து சோப்புக் கரைசலில் தேய்க்க வேண்டும், பிறகு அலச வேண்டும். அதன்பின் குளோரின் நீரில் இரண்டு நிமிடமாவது முக்கி, கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். 30 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 33 கிராம் 100 லிட்டர் தண்ணீருக்குப் போட்டால் 100 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல்நீரை ஊற்ற வேண்டும். மூட்டை திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும், ஆகவே சோதனைத் தாளில் பார்த்துத்தான் நம்ப வேண்டும். அழுக்கோடு முக்கினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும், அதனால்தான் இந்த வரிசை. அலுமினியப் பால் கேனுக்குக் காஸ்டிக் சோடா கூடாது, உலோகத்தை அரித்துவிடும். கழுவிய தொட்டி, நேரம், தாளில் காட்டிய அளவு மூன்றும் பெட்டி எண்ணோடு பதிவாக வேண்டும். கழுவிய பதிவு இல்லாத பெட்டியை நிரப்பச் செயலி விடக் கூடாது. இறைச்சி, மீன் பெட்டிகளுக்குத் தனி நிறம் வைப்பதும் நல்லதுதான், ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒருமுறை பயன்படுத்திய எண்ணெய்த் தகர டின்னை மறுபடி எண்ணெய்க்குப் பயன்படுத்துவதைச் சட்டமே தடுக்கிறது. அதற்கு எண் கொடுத்துச் சுற்றில் விடும் யோசனையே வேண்டாம்.

எல்லா இடத்திலும் இது ஒரே அளவு பயன் தரும் என்று சொல்லமாட்டோம். பால் பாக்கெட்டில் தேதியும் தொகுதி எண்ணும் அச்சாகியே வருகின்றன. அங்கே டிரே எண், டிரே யாரிடம் தங்கியது, கழுவினார்களா என்பதற்கு மட்டுமே. சொசைட்டி கேன் பாலைக் குளிரூட்டும் தொட்டியில் ஊற்றிய பிறகு கேன் எண் உதவாது, தொட்டியும் டேங்கரும்தான் தொகுதி. பொட்டலம் இல்லாத சரக்குக்குத்தான் பயன் மிக அதிகம்: காய்கறி, கீரை, இறைச்சி, மாவு, சமைத்த சாப்பாடு. ஒரே சமையல் கூடத்திலிருந்து பல பள்ளிகளுக்கோ விடுதிகளுக்கோ உணவு போகும் இடத்தில், எந்த அடுப்பில் இறக்கிய சாதம் எந்தப் பாத்திரத்தில் எங்கே போனது, மூடிய நேரம், திறந்த நேரம், திறந்தபோது சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்ததா என்பது தெரிந்தால், ஒரு பிள்ளைக்கு வாந்தி என்றதும் மற்றப் பாத்திரங்களைத் திறக்கும் முன்னே நிறுத்திவிடலாம். அந்த ஒன்றுக்காகவே இந்த ஏற்பாடு முழுவதையும் செய்யலாம்.

செலவு யார் தலையில் என்ற கேள்விக்கு வருகிறோம். பெட்டி முதலாளிக்கே இதில் லாபம் இருக்கிறது. நாளுக்கு 200 பெட்டி அனுப்பி, ஒரு பெட்டி சுற்றி வர ஐந்து நாள் ஆனால் கையில் 1,000 பெட்டி வேண்டும். உடைசலுக்கும் கழுவலுக்கும் பத்து விழுக்காடு சேர்த்தால் 1,100. எங்கே தேங்குகிறது என்று பார்த்துச் சுற்றை நான்கு நாளாக்கினால் 880 போதும். 220 பெட்டி வாங்கும் பணம் மிச்சம். மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்கும் கடைக்கு ஒரு சிறு முன்பணம் வைத்தால் பெட்டி தானே திரும்பும்.

வேலூரில் தொடங்க ஒரு நல்ல இடம் இருக்கிறது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்த பொருளுக்கு முதல் எதிரி போலி. மார்க்கெட்டில் எந்தக் கத்தரியையும் இலவம்பாடி என்று சொல்லி விற்கலாம், வாங்குகிறவருக்கு அத்தாட்சி ஏதும் இல்லை. காம்பிலேயே முள் உள்ள காய், சாக்கில் அமுக்கினால் பக்கத்துக் காயைக் கீறும், ஆகவே பெட்டி எப்படியும் தேவை. விளையும் பகுதி சிறியது, விவசாயிகளை அடையாளம் காண முடியும், வேலூருக்கு வரும் வழியும் குறுகியது. சில நூறு பெட்டிகளோடு ஒரு பருவம் முழுக்க நடத்திப் பார்க்கலாம். கடையில் குறியீட்டைக் காட்டினால் ஊரும் பறித்த நாளும் மட்டும் தெரிந்தால் போதும். விவசாயியின் பெயரும் செல்போன் எண்ணும் பொதுமக்கள் பார்வைக்கு வரக் கூடாது, அது அதிகாரிகளுக்கும் மண்டிக்கும் மட்டும்.

தோட்டக்கலைத் துறை மானியத்தில் பிளாஸ்டிக் பெட்டிகள் தரும் திட்டங்கள் இருக்கின்றன. அடுத்த முறை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்குப் பெட்டி வாங்கும்போது, இரு குறுகிய பக்கங்களிலும் வார்ப்பிலேயே பதிந்த தனி எண்ணும் கியூஆர் குறியீடும் இருக்க வேண்டும் என்பதைக் கொள்முதல் நிபந்தனையில் சேர்க்கும்படி துறை அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம். வார்க்கும்போது சேர்ப்பது எளிது, பிறகு பொறிப்பது இரட்டைச் செலவு. மார்க்கெட்டில் காலிப் பெட்டி கழுவ வடிகாலும் தண்ணீர்க் குழாயும் உள்ள ஓர் இடத்தை மாநகராட்சி ஒதுக்கித் தர வேண்டும். மண்டி உரிமையாளர்கள், லோடுமேன் சங்கத்தார், உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசுவதை மாவட்ட நிர்வாகம் முன்னெடுத்தால், பதிவு செய்யும் வேலைக்குக் கூலி எவ்வளவு, அதை யார் தருவது என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

இப்படிக்கு,
உணவுப் பொருள் சேமிப்பு, போக்குவரத்துப் பணியில் உள்ளோர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.